குடிபோகும் முன் கதவைக் கழற்றிப் பாருங்கள்

"சார், எந்தத் தளம் நல்லது?" கணினிக்குள் நடந்து பார்க்கும் மெய்நிகர் உலகம் கட்டித் தரச் சொல்லி வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அந்த உலகத்தை நடத்தித் தரும் சேவையைத்தான் தளம் என்கிறார்கள். கையில் பட்டியலும் இருக்கும்: எதில் அவதார், அதாவது உள்ளே நமக்குப் பதில் நடமாடும் உருவம், அழகு, எதில் கட்டணம் குறைவு, எதில் தலையில் மாட்டும் ஹெட்செட் இல்லாமல் நுழையலாம். எல்லாம் உள்ளே போவதைப் பற்றிய கேள்விகள். வெளியே வருவதைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. ஒரு காலத்தில் நானும் கேட்காதவன்தான்.

ஒரு கல்லூரிக்குக் கண்காட்சிக் கூடம் கட்டினோம். நான்கு மாத உழைப்பு. திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, சேவையை நிறுத்தப்போகிறோம், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மின்னஞ்சல் வந்தது. எடுக்கப் போனால் எதை எடுப்பது? பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்த மாடல்கள் எங்களிடமே இருந்தன. ஆனால் எந்தச் சிலை எங்கே நின்றது, எந்த விளக்குக்கு எவ்வளவு வெளிச்சம், எந்தப் பலகையைத் தொட்டால் எந்தக் குரல் பேசும் என்பதெல்லாம் அவர்கள் சர்வரில். கடைசி வாரம் அவதாரை ஒவ்வொரு சுவரோரமாக நிறுத்தி, அதன் உயரத்தையே அளவுகோலாக வைத்துப் படம் பிடித்தோம். இடிந்த கோயிலை ஆவணப்படுத்தப் போகிறவர்கள் தூணருகே ஆளை நிறுத்திப் படம் எடுப்பார்களே, அந்த மாதிரி. வாடகை வீட்டுக்கு டைல்ஸ் போட்ட கதை.

பெரிய கம்பெனி என்றால் பயமில்லை என்று நினைக்கவும் முடியாது. கூகுளின் லைவ்லி என்ற மெய்நிகர் உலகம் 2008 ஜூலையில் திறந்து, அதே ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி மூடப்பட்டது. மைக்ரோசாஃப்ட் 2017-இல் வாங்கிய ஆல்ட்ஸ்பேஸ்விஆர் என்ற தளம் 2023 மார்ச்சில் நின்றது. பிரவுசரிலேயே திறக்கும் மொசில்லா ஹப்ஸ் சேவை 2024 மே 31-ஆம் தேதியோடு முடிந்தது. ஹப்ஸ் விஷயத்தில் ஓர் ஆறுதல்: அதன் நிரல் திறந்த மூலம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். சொந்த சர்வரில் நிறுவிக்கொண்டவர்கள் இன்றும் நடத்தலாம்.

செகண்ட் லைஃபையும் ஓப்பன்சிமுலேட்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். முதலாவது, 2003 முதல் லிண்டன் லேப் நடத்தும் உலகம். இரண்டாவது, அதே மாதிரி உலகத்தை நம் கணினியிலேயே ஓட்ட 2007-இல் தொடங்கப்பட்ட இலவச மென்பொருள். உள்ளே நுழைந்து பார்க்க உதவும் ஃபயர்ஸ்டார்ம் வியூவர் என்ற மென்பொருள் ஒன்றே இரண்டுக்கும் போதும். இரண்டிலும் நிலத்தின் அடிப்படை அளவு 256-க்கு 256 மீட்டர். உள்ளே நுழைந்தால் அக்கா தங்கை போலத்தான் இருக்கும். வித்தியாசம் வெளியே வரும்போதுதான். ஓப்பன்சிம் சர்வரின் கட்டளைத் திரையில் ‘சேவ் ஓஏஆர்’ என்று தட்டினால் நிலத்தின் மேடுபள்ளம், கட்டடம், படங்கள், எதைத் தொட்டால் என்ன நடக்கும் என்று சொல்லும் ஸ்கிரிப்ட் எல்லாம் ஒரே கோப்பாக வந்துவிடும். வேறொரு கணினியில் ஏற்றினால் அதே உலகம். செகண்ட் லைஃபில் நிலத்தை அப்படிச் சுருட்டி எடுக்க வழியில்லை. நீங்களே உருவாக்கிய பொருளை ஃபயர்ஸ்டார்மில் சேமிக்கலாம். அந்த உலகத்தின் நாணயமான லிண்டன் டாலர் கொடுத்து வாங்கிய நாற்காலி அங்கேயேதான் கிடக்கும். ஆனால் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். எந்நேரம் போனாலும் நடமாட்டம், கடை, கச்சேரி. சொந்த ஓப்பன்சிமில் நடுராத்திரி சர்வர் படுத்தால் எழுந்து போக வேண்டியது நீங்கள்தான், நான் போயிருக்கிறேன்.

நடுவே ஒரு விஷயம். தளம் மந்தம் என்று வருகிற புகார்களில் பாதிக்கு மேல், தொங்கவிட்ட படங்களின் குற்றம். 2048-க்கு 2048 புள்ளியுள்ள படம் கோப்பாக 400 கேபிதான் இருக்கும். கிராஃபிக்ஸ் நினைவகத்தில் விரியும்போது புள்ளிக்கு 4 பைட் வீதம் 16 எம்பி ஆகும். சுவரில் 40 படம் என்றால் 640 எம்பி. மாணவரின் மூன்று ஜிபி ரேம் போனில் பிரவுசர் தாங்காது, பக்கம் தானாக மறுபடி லோட் ஆகும், அவர் நெட் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். அதே படங்களை 1024-க்குச் சுருக்கினால் மொத்தமே 160 எம்பி. படங்களைச் சுருக்கிய வடிவிலேயே நினைவகத்தில் வைக்காத எந்தத் தளத்திலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால் ஒப்பிட்டுப் பார்ப்பதானால், ஆபீஸ் கணினியை விட்டுவிட்டு, உங்கள் ஆட்களில் யாருடைய போன் மிகப் பழையதோ அதில் திறந்து பாருங்கள்.

இப்போதெல்லாம் ஒப்பந்தத்துக்கு முன் ஒரு சின்னச் சோதனை வைக்கிறேன். ஒரு மேசை, தொட்டால் திறக்கும் ஒரு கதவு. இரண்டையும் அந்தத் தளத்தில் செய்து, வெளியே எடுத்து, வேறோர் இடத்தில் வைத்துப் பார்ப்பது. ஒரு நாள் வேலை. முப்பரிமாணப் பொருள்களுக்கான பொது வடிவமான ஜிஎல்டிஎஃப் கோப்பில் உருவமும் நிறமும் அசைவும் வந்துவிடும். தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்பது ஸ்கிரிப்டில் இருக்கிறது. அதை எழுதும் மொழியோ செகண்ட் லைஃபில் பெரும்பாலும் எல்எஸ்எல், ரோப்லாக்ஸ் என்ற விளையாட்டுத் தளத்தில் லூவாவ் என்று இடத்துக்கு இடம் வேறு.

அண்மையில் ஒரு பள்ளிக்காக இதைச் செய்தோம். மேசை அப்படியே வந்தது. கதவும் வந்தது, திறக்கவில்லை. வெறும் பலகையாக நின்றது. தலைமையாசிரியை அதை நாலைந்து முறை தட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ இந்தத் தளம் வேண்டாம்னு சொல்றீங்களா சார்?" என்றார்.

"அப்படி இல்லை மேடம். இங்கேயே கட்டலாம், கதவு மட்டும் வைக்க வேண்டாம்" என்றேன்.