சிப்பம்: பேக்கேஜுக்கு ஒரு தமிழ்ச் சொல்

ஜாவா நிரல்மொழியில் எழுதிய கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் முதல் வரியிலேயே நிற்கும் சொல் பேக்கேஜ். ஒன்றோடொன்று தொடர்புள்ள கிளாஸ்களையும் (தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் சேர்த்து எழுதிய நிரல் அலகுகள்) இன்டர்ஃபேஸ்களையும் (ஒரு கிளாஸ் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அறிவிப்புகள்) ஒரு பெயரின் கீழ் சேர்த்து வைக்கும் ஏற்பாடு அது. பெயர்தான் இதில் முக்கியம். ஜாவா நூலகத்தில் டேட் என்ற கிளாஸ் இரண்டு உண்டு; ஒன்று ஜாவா.யூட்டிலில், மற்றது ஜாவா.எஸ்க்யூஎல்லில். பேக்கேஜ் வேறு என்பதால் இரண்டும் மோதிக்கொள்வதில்லை.

கட்டு, மூட்டை எனப் பொருள்படும் 'பேக்' என்ற சொல்லோடு 'ஏஜ்' விகுதி சேர்ந்து பிறந்த ஆங்கிலச் சொல் இது. நிரல்மொழிகளுக்கு ஜாவா கொண்டுவந்த சொல்லும் அல்ல. 1996-இல் ஜாவாவின் முதல் பதிப்பு வருவதற்கு முன்பே, 1980களின் ஏடா மொழியில் பேக்கேஜ் இருந்தது.

தமிழில் 'தொகுப்பு' என்று எழுதுவோர் உண்டு. தவறில்லை. ஆனால் பல தரவுகளைச் சேர்த்து வைக்கும் கலெக்‌ஷனும் தொகுப்பு, நிரலை இயக்கத்தக்க வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் தொகுப்பி என்றாகிவிட்ட பிறகு, மூன்றும் ஒரே பத்தியில் வந்தால் புதிதாகக் கற்பவர் திணறிப் போவார். சரி, பொட்டலம் அல்லது பொதி? அவை வலையமைப்பில் போகும் தரவுத் துண்டான பாக்கெட்டுக்கு வழங்குகின்றன. அதனால் நான் 'சிப்பம்' என்றே எழுதுகிறேன். சரக்கைக் கட்டிவைத்த மூட்டைக்கு வணிகர்கள் சொல்லும் சொல் அது. பேக்கேஜிங்கைச் சிப்பமிடுதல் என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம்.

கட்டு என்ற பொருள் இங்கே அழகாகப் பொருந்துகிறது. யார் அழைக்கலாம் என்று சொல்லும் பப்ளிக், பிரைவேட் போன்ற எதையும் குறிப்பிடாமல், கிளாஸுக்குள் ஒரு மெத்தடை (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை) எழுதினால், அதே சிப்பத்தில் உள்ள கிளாஸ்கள் அதை அழைக்கலாம். வெளியே உள்ளவை அழைக்க முடியாது. எந்தக் கிளாஸ்களைச் சேர்த்துக் கட்டுகிறோம் என்பதிலேயே எதை மறைக்கிறோம் என்பதும் அடங்கியிருக்கிறது. சிப்பங்களைப் பிரிக்கும்போது பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

'துணைச்சிப்பம்' என்ற சொல்லை மட்டும் யோசித்துப் பயன்படுத்த வேண்டும். ஜாவா.யூட்டில்.ரீஜெக்ஸ் என்று பார்த்தால் யூட்டிலுக்குள் ரீஜெக்ஸ் அடங்கியதுபோலத் தோன்றும். வட்டில் அடைவுக்குள் அடைவாகத்தான் வைக்கிறோம். ஆனால் மொழியின் கணக்கில் இரண்டும் தனித்தனிச் சிப்பங்கள். ஜாவா.யூட்டிலை நட்சத்திரக்குறி போட்டு, அதாவது அதிலுள்ள கிளாஸ்கள் எல்லாம் வேண்டும் என்று, இம்போர்ட் செய்தாலும் ரீஜெக்ஸில் உள்ள பேட்டர்ன் கிளாஸ் கிடைக்காது. அதற்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டும்.