சூடேறினால் காந்தம் செத்துப்போகுமா?

புதூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மின்சார ஸ்கூட்டரில் சாப்பாடு டெலிவரி செய்கிறவர். கத்திரி வெயிலில் நத்தம் மேம்பாலம் ஏறும்போது வண்டி திணறியிருக்கிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "மோட்டாருக்குள்ள காந்தம் செத்துப்போச்சு, மாத்தணும்" என்றாராம். "நிலைக்காந்தம் என்றுதானே சார் படித்தோம்? அது எப்படிச் சாகும்?" என்பது அவர் கேள்வி.

சாகும். ஆனால் உங்கள் வண்டியில் செத்திருக்கிறதா என்பது வேறு விஷயம். வண்டி ஆறியதும் பழைய இழுவை திரும்பிவிட்டால், முதலில் பேட்டரியையும், சூடு கண்டதும் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும் கன்ட்ரோலரையும் சந்தேகப்படுங்கள். காந்தத்தைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. மோட்டார் ஆறிய பிறகு அதன் வயர்களைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி, சக்கரத்தை ஒரே வேகத்தில் சுற்றவைத்து, இரண்டு வயர்களுக்கு நடுவே ஏசி வோல்ட் அளக்கச் சொல்லுங்கள். அதே மாடலில் நன்றாக ஓடும் வண்டி ஒன்றையும் அதே வேகத்தில் அளந்து பாருங்கள். உங்களுடையது நன்றாகவே குறைந்து நின்றால் மெக்கானிக் சொன்னது சரி.

இனி காந்தத்துக்கு வருவோம். இந்த மோட்டார்களில் இருப்பது பெரும்பாலும் நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த உலோகக் கலவை. இரண்டு நியோடிமியம் அணுவுக்குப் பதினான்கு இரும்பு, ஒரு போரான். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாடோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ஜான் குரோட்டும் தனித்தனியே கண்டுபிடித்தது. இதில் காந்த பலத்தின் பெரும்பங்கை இரும்பு தருகிறது. அந்தப் பலம் ஒரே திசையில் நிற்பதற்கான பிடிவாதத்தைத் தருவது நியோடிமியம். அதன் உள்வட்ட எலக்ட்ரான் மேகம் உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருக்கிறது. படிகத்துக்குள் இருக்கும் மின்புலம் அந்தத் தட்டை மேகத்தை ஒரே வாக்கில் பிடித்து வைக்கிறது. காந்தத்தின் திசையும் அதோடு மாட்டிக்கொள்கிறது.

பிளஸ் டூவில் படித்த காந்தத் தேக்குத்திறன், காந்த நீக்குத்திறன் இரண்டும் நினைவிருக்கும். முதலாவது, எவ்வளவு காந்தம் மிச்சம் நிற்கிறது என்பது. இரண்டாவது, அதை அழிக்க எவ்வளவு எதிர்ப்புலம் வேண்டும் என்பது. டிகிரிக்குச் சுமார் 0.1 சதவீதம் தேக்குத்திறன் குறையும். பரவாயில்லை, ஆறினால் திரும்பிவிடும். நீக்குத்திறனோ டிகிரிக்கு 0.6 சதவீதம் போல இறங்கும். 25 டிகிரியிலிருந்து 125-க்குப் போனால் பாதிக்கு மேல் காலி. அந்த நேரத்தில் மேடேறுவதற்காக மோட்டார் சுருளில் மின்னோட்டத்தை அள்ளிவிட்டால், அது உண்டாக்கும் எதிர்ப்புலம் காந்தத்தின் ஒரு பகுதியையே திருப்பிப் போட்டுவிடும். அது ஆறினாலும் திரும்பாது. மெக்கானிக் சொல்லும் சாவு இதுதான்.

கணக்குப்படி இந்தப் படிகத்தைத் திருப்ப 7 டெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) மேல் எதிர்ப்புலம் வேண்டும். வேறெதுவும் சேர்க்காத சாதாரண காந்தமோ 1 டெஸ்லாவைச் சுற்றியே கையைத் தூக்கிவிடுகிறது. மிச்சம் எங்கே போனது? காந்தம் ஒரே கட்டி இல்லை. சில மைக்ரோமீட்டர் அளவு பொடியைக் காந்தப்புலத்தில் அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு இறுக்கியது. உள்ளே கோடிக்கணக்கான படிக மணிகள். ஒவ்வொரு மணியின் ஓரத்திலும் அணுக்களின் அடுக்கு சற்றுக் குலைந்திருக்கும். திரும்புதல் அங்கேதான் தொடங்கும். தொடங்கிவிட்டால் மணி முழுதும் ஓடிவிடும். கண்மாயில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் உடைப்பு கரையில்தானே எடுக்கிறது, அப்படி.

சேர்மானங்களின் கதை இங்கிருந்துதான் சூடு பிடிக்கிறது. கோபால்ட் சேர்த்தால் கியூரி வெப்பநிலை, அதாவது காந்தத்தன்மை அடியோடு போய்விடும் சூடு (சேர்க்காத காந்தத்துக்கு 312 டிகிரி), ஏறும். நூறு இரும்பு அணுவில் ஒன்றை மாற்றினால் சுமார் 10 டிகிரி. ஆனால் பிடிவாதம் கொஞ்சம் குறையும். துளி செம்பு, அலுமினியம், காலியம் வேறு வேலை செய்கின்றன. மணிகளுக்கு நடுவே நியோடிமியம் மிகுந்த மெல்லிய படலம் ஒன்று உண்டு. செம்பு சேர்ந்ததும் அது 500 டிகிரியை ஒட்டியே உருகி, ஒவ்வொரு மணியையும் சுற்றிச் சீராகப் பரவுகிறது. ஒரு மணி திரும்பினால் பக்கத்து மணியையும் இழுத்துக்கொண்டு போவது குறைகிறது. எடையில் அரை சதவீதம்கூட வேண்டாம்.

பெரிய மருந்து டிஸ்ப்ரோசியம், நியோடிமியத்தைப் போலவே அரியமண் தனிமங்களில் ஒன்று. நியோடிமியத்தின் இடத்தில் அது உட்கார்ந்தால் பிடிவாதம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அதே இனத்து டெர்பியம் இன்னும் மேல். இதற்கு ஒரு விலை உண்டு: டிஸ்ப்ரோசியத்தின் காந்தம் இரும்பின் காந்தத்துக்கு எதிர்த்திசையில் நிற்கும். சேர்க்கச் சேர்க்க மொத்த பலம் கழியும். பழைய முறையில் உருக்கும்போதே கலந்தார்கள். கடும் சூட்டில் ஓடும் மோட்டார்களுக்கு எடையில் 8 முதல் 10 சதவீதம் வரைகூட. கரையைப் பலப்படுத்தக் கண்மாய் முழுக்க மண்ணடித்த கதை இது. கரை நிற்கும், தண்ணீர் நிற்க இடமிருக்காது.

2000-களில் ஜப்பானில் தேறிய வழி அழகானது. டிஸ்ப்ரோசியமே இல்லாமல், அல்லது கொஞ்சமாகப் போட்டு, காந்தத்தைச் செய்து முடித்துவிடுகிறார்கள். அப்புறம் அதன் மேல் டிஸ்ப்ரோசியம் அல்லது டெர்பியம் சேர்மத்தைப் பூசி 900 டிகிரிவாக்கில் மணிக்கணக்கில் வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் மணிகளுக்கு இடையிலுள்ள படலம் திரவமாக இருக்கிறது. டிஸ்ப்ரோசியம் அதன் வழியே வேகமாக உள்ளே ஓடுகிறது. மணிக்குள் நுழையவும் முயலும். ஆனால் திடப் படிகத்துக்குள் நகர்வது மிக மெதுவாக நடக்கிற காரியம். அது உள்ளே போய்ச் சேர்வதற்குள் உலையை நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு மணியிலும் ஓரத்தில் மட்டும் மெல்லிய டிஸ்ப்ரோசியம் ஓடு, நடுவில் பழைய நியோடிமியம். ஒரு சதவீதத்துக்கும் குறைவான டிஸ்ப்ரோசியத்தில் நீக்குத்திறன் நன்றாக ஏறுகிறது. தேக்குத்திறன் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. இரண்டு வேகங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தை வைத்தே ஒரு தொழில்நுட்பம்! ஒரே குறை, பூச்சு சில மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் போகும். தடித்த காந்தத்துக்கு உதவாது.

காந்தம் மாற்ற நேர்ந்தால் கடையில் தரக் குறியீட்டைக் கேளுங்கள். 'என்42' என்றால் சுமார் 80 டிகிரி வரை, '42எஸ்எச்' என்றால் 150 வரை. கையில் எடுத்து இரும்பில் ஒட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இழுக்கும். சித்திரைப் பொருட்காட்சியில் ரத்த ஓட்டத்தைச் சீராக்கும் என்று விற்கிறார்களே, அந்தக் காந்த வளையலுக்கு எந்தத் தரமும் தேவையில்லை. 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ குழாய்க்குள் படுத்து எழுந்தவர் ரத்தமே அசையவில்லை, வளையலுக்கா அசையப்போகிறது?

2025 ஏப்ரலில் சீனா டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு அரியமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. நம் வாகனத் தொழிற்சாலைகள் தவித்தன. அந்த நவம்பரில் ஒன்றிய அரசு காந்த உற்பத்திக்கு 7,280 கோடி ரூபாய் திட்டத்தை அறிவித்தது. நல்லதுதான். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் கனிமத்தில் நியோடிமியமும் அதன் உறவுத் தனிமமான பிரசியோடிமியமும் உண்டு, டிஸ்ப்ரோசியம் சொற்பம். அதனால் டிஸ்ப்ரோசியமே இல்லாத காந்தத்தில்தான் நாம் பணம் போட வேண்டும் என்பது என் கட்சி. மணிகளை மைக்ரோமீட்டருக்கும் கீழே நுணுக்கிச் செய்து, ஹோண்டாவும் டைடோ ஸ்டீலும் 2016-லேயே அப்படியொரு காந்தத்தை ஹைபிரிட் கார் மோட்டாரில் வைத்துவிட்டார்கள். பிரசியோடிமியம்–செம்புக் கலவையை ஓரங்களில் ஊடுருவ விடும் ஆய்வுகளும் நடக்கின்றன. இதற்கு ஆக்சிஜன் புகாத பெட்டியும், வெற்றிட உலையும், அளக்க ஒரு காந்தமானியும் வேண்டும். தொழிற்சாலைக்கு ஒதுக்கியதில் ஒரு சிறு பங்கு போதும், தென் மாவட்டக் கல்லூரிகள் சிலவற்றில் இவற்றை நிறுவிவிடலாம்.