இரவுத் தோட்டம்: கேமராவில் விழுபவர்களும் விழாதவர்களும்

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாகிக்கொண்டிருந்தாலும், பின்கட்டில் ஒரு சப்போட்டா, ஒரு மாமரம், இரண்டு தென்னை, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வாழை என்று வைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன. அங்கே காலையில் வாசல் தெளிக்கப் போகிறவர்களுக்குச் சில தடயங்கள் கண்ணில் படும். மதில்மேல் முழுசு முழுசாக விதைகள் நிறைந்த எச்சம். காரின் முன்கண்ணாடியில் மென்று துப்பிய பழச்சக்கை. மரத்தடியில் பாதி கடித்த கொய்யா. முதலாவது மரநாயின் வேலை, இரண்டாவது பழந்தின்னி வௌவாலின் வேலை. மூன்றாவது இருவரில் யாராகவும் இருக்கலாம், முந்தின நாள் மாலை வந்த அணிலாகவும் இருக்கலாம். வேலை செய்தவர்களை மட்டும் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். "பூனையாத்தான் இருக்கும்" என்று பக்கத்து வீட்டு மாமி முடித்துவிடுவார்.

அதனால் இப்போது பலரும் ஒரு கேமரா வாங்கி மாட்டிவிடுகிறார்கள். சில வாரங்களில், தோட்டத்துக்கு வந்துபோகிறவர்கள் இன்னின்னார் என்று ஒரு பட்டியல் தயாராகிவிடும். அதில் மரநாய் இருக்கும், பெருச்சாளி இருக்கும், தெருப்பூனை ஏராளமாக இருக்கும். தேரை இருக்காது, பாம்பு இருக்காது, வௌவால் அநேகமாக இருக்காது. அவை வரவில்லை என்று அர்த்தமில்லை. அந்தப் பட்டியலில் தோட்டத்தின் பங்கு எவ்வளவோ, கேமராவின் பங்கும் அவ்வளவு.

காட்டுயிர் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் கேமரா ட்ராப் பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதை எழுப்புவது வெளிச்சமும் இல்லை, உருவமும் இல்லை. வெப்பம் இடம் மாறுவதுதான். உடல் சூடுள்ள எந்தப் பிராணியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வெளியிட்டபடியே இருக்கிறது. அவற்றின் அலைநீளம் சுமார் 10 மைக்ரோமீட்டர். கேமராவின் முகப்பில் இருக்கும் பால்நிற பிளாஸ்டிக் வில்லை இந்தக் கதிர்களைக் குவித்து உள்ளேயிருக்கும் ஒரு சிறு படிகத்தின்மேல் விழச் செய்கிறது. சூடு ஏறி இறங்கினால் அந்தப் படிகத்தில் மின்னழுத்தம் உண்டாகும். ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்ட இரண்டு துண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், தோட்டம் முழுவதும் ஒரேயடியாகச் சூடானாலும் குளிர்ந்தாலும் ஒன்றை ஒன்று சமன்செய்துவிடும். மரநாய் குறுக்கே நடந்தால் முதலில் ஒரு துண்டிலும் அப்புறம் அடுத்ததிலும் சூடு படும். அந்த வித்தியாசம்தான் கேமராவுக்குப் பள்ளியெழுச்சி.

இதிலிருந்தே பல விஷயங்கள் தெளிவாகின்றன. ஜனவரி இரவில் பெங்களூரில் 15, 16 டிகிரிக்குக் குளிரும்போது மதிலுக்கும் மரநாயின் உடம்புக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும், கேமரா தவறவிடாது. ஏப்ரல் மதியம் வெயிலில் காய்ந்த சுவரின்மேல் ஓடும் அணில் சுவரோடு சுவராகக் கலந்துவிடும். தேரையும் பாம்பும் தரையின் சூட்டிலேயே இருப்பவை, எனவே இந்தக் கருவிக்கு அவை தரைதான். நேராகக் கேமராவை நோக்கி வரும் பிராணியைவிடக் குறுக்கே கடக்கும் பிராணியிடம் அது சீக்கிரம் விழிக்கும். இன்னொன்று, ஜன்னலுக்கு உள்ளே பத்திரமாக வைத்து வெளியே பார்க்கச் செய்தால் பயனில்லை. நமக்கு ஊடுருவித் தெரியும் கண்ணாடி இந்த நீண்ட அலைகளுக்குக் கிட்டத்தட்ட சுவர்.

இந்தக் கருவிக்கு நம் நாட்டில் நல்ல பூர்வீகம் உண்டு. 1920களில் ஐக்கிய மாகாணக் (இன்றைய உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட்) காடுகளில் வனத்துறை அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் பாதையில் கம்பி கட்டி, அது இடறும்போது ஃபிளாஷ் எரியும்படி செய்து, புலி தன்னையே படம் பிடித்துக்கொள்ள வைத்தார். 1990களில் புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் கேமரா ட்ராப்களை வைத்து, உடம்புக் கோடுகளைக் கொண்டு ஒவ்வொரு புலியையும் தனித்தனியாக அடையாளம் கண்டு எண்ணிக்கையை மதிப்பிட்டார். நாம் அதையே சப்போட்டா மரத்தடியில் செய்கிறோம். மரநாய்க்குக் கோடுகள் அவ்வளவு தெளிவாக இல்லை என்பதால், வந்தது ஒன்றா மூன்றா என்பது பெரும்பாலும் தெரியாது.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சிசிடிவி வேறு வகை. அது படத்தில் புள்ளிகள் மாறுகின்றனவா என்று கவனிக்கிறது. தேரை தத்தினாலும் சரி, வாழை இலை ஆடினாலும் சரி, லென்ஸுக்கு முன்னால் சிலந்தி ஊஞ்சல் கட்டினாலும் சரி, அதற்கு எல்லாமே திருடன்தான். ஆகவே ஒரே தோட்டத்தில் இரண்டையும் வைத்தால் இரண்டு வெவ்வேறு பட்டியல்கள் கிடைக்கும். பொறுமை இருப்பவர்களுக்கு நான் சிசிடிவியையே சொல்வேன். நூறு வாழை இலைகளுக்கு நடுவே ஒரு தேரையாவது சிக்கும்.

படம் எடுக்கும் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். சிலிக்கான் சென்சார் நம் கண் உணரும் எல்லையைத் தாண்டி 1000 நானோமீட்டர் வரைக்கும் உணரும். பகலில் அந்தக் கூடுதல் கதிர்களை ஒரு வடிகட்டி தடுக்கிறது. இருட்டியதும் 'டிக்' என்ற சத்தத்தோடு வடிகட்டி விலகி, 850 அல்லது 940 நானோமீட்டர் விளக்குகள் எரிகின்றன. 850 வகையைக் கிட்டே போய்ப் பார்த்தால் மங்கலான சிவப்புப் பொட்டுகள் தெரியும். 940 நமக்குத் தெரியவே தெரியாது. இலைகளின் பச்சையம் இந்தக் கதிர்களை உறிஞ்சாமல் விட்டுவிட, இலையின் உள்ளமைப்பு அவற்றைச் சிதறடித்துத் திருப்பிவிடுவதால்தான் இரவுப் படங்களில் மாமரம் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. மரநாயின் கண்கள் இரண்டும் எரிவதற்குக் காரணம் வேறு.

கண்ணின் உள்சுவரான விழித்திரை எவ்வளவுதான் முயன்றாலும் உள்ளே வரும் ஒளியை முழுதாகப் பிடித்துவிடாது. ஒரு பகுதி தப்பிப் பின்னால் போய்விடும். நம் கண்ணில் அங்கே கருப்பு நிறமி இருப்பதால் அது அதோடு சரி. மரநாய், பூனை, மாடு போன்றவற்றுக்கு அந்த இடத்தில் ஒரு பிரதிபலிப்புப் படலம் இருக்கிறது. முதல் பந்தியில் இடம் கிடைக்காத ஒளிக்கு இரண்டாம் பந்தி போடும் ஏற்பாடு அது. அதிலும் மிஞ்சியது வந்த வழியே வெளியேறுகிறது. அதைத்தான் கண் மின்னுகிறது என்கிறோம். இதற்கு ஒரு விலை உண்டு. திரும்பி வரும் ஒளி கொஞ்சம் சிதறுவதால் காட்சியின் கூர்மை குறையும். பகலில் நடமாடத் தொடங்கிய நம் குரங்கு முன்னோர்கள் அந்தப் படலத்தை இழந்துவிட்டார்கள்.

'வந்த வழியே' என்பதைக் கவனிக்க வேண்டும். டார்ச்சை இடுப்பளவில் பிடித்தால் திரும்பும் ஒளி இடுப்புக்குத்தான் போகும். நெற்றியில் கட்டும் ஹெட்லாம்ப்போ, காதோரம் உயர்த்திப் பிடித்த டார்ச்சோ இருந்தால் கண்கள் சட்டென்று தெரியும். புல்தரையில் நீலப்பச்சையாக மின்னும் புள்ளிகளைப் பலர் பனித்துளி என்று விட்டுவிடுவார்கள். கிட்டே போனால் எட்டுக் கால்கள் இருக்கும். ஓநாய்ச் சிலந்திக்கும் இதே போன்ற படலம் உண்டு. நிறத்தை வைத்து மட்டும் பிராணி எது என்று தீர்மானிக்க முடியாது. பார்க்கும் கோணம் மாறினாலே நிறமும் மாறும். காலில் ஷூ போட்டுக்கொண்டு போங்கள். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், அதன் கண்ணை நம்பித் தேட முடியாது.

டார்ச்சால் மட்டுமே கிடைக்கும் விருந்தாளி ஒருவர் இருக்கிறார்: தேவாங்கு. மல்லேஸ்வரத்துக்குப் பக்கத்திலேயே இந்திய அறிவியல் கழக வளாகத்தின் மரங்களில் அது வாழ்கிறது. எடை கால் கிலோ சுமார், கண்கள் மட்டும் முகத்தில் பாதி. மனிதனுக்கும் குரங்குக்கும் உறவுக்காரன்தான் என்றாலும் அதன் கிளை இரவை விடவில்லை. பிரதிபலிப்புப் படலத்தையும் விடவில்லை. அடர்ந்த கிளைகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் நெருக்கமாக இரண்டு பொட்டுகள் எரிந்தால் அதுதான். முழங்கால் உயரத்தில் கட்டிய கேமராவுக்கு இது அநேகமாகச் சிக்காது, ஏனென்றால் முடிந்தவரை தரையில் இறங்குவதில்லை. குதிக்கவும் தெரியாது. ஒரு கிளையைப் பிடித்த பிறகுதான் அடுத்ததை விடும். இரண்டு மரங்களுக்கு நடுவே மின்கம்பிக்காகக் கிளையை வெட்டிவிட்டால் அதற்குத் தெருவே முடிந்துபோகும். தமிழ்நாட்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் 2022இல் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பெங்களூரில் அதற்குச் சரணாலயம் என்றால் ஒன்றையொன்று தொடும் மரங்கள்தான்.

தேவாங்கைத் தேடுகிறவர்கள் டார்ச்சில் சிவப்பு செல்லோபேன் தாள் சுற்றிக்கொள்வார்கள். அதனால் பிராணிக்கும் தொந்தரவு குறைவு, நமக்கும் லாபம். மங்கலில் வேலை செய்யும் நம் கண்ணின் கோல் செல்களில் ரொடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. வெள்ளை வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும், மறுபடி நிறைய 20 முதல் 30 நிமிடம் ஆகும். சிவப்பு ஒளியை அது அவ்வளவாகப் பொருட்படுத்தாது. அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்துவிட்டு 'மணி என்ன' என்று போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

டார்ச்சுக்கும் கேமராவுக்கும் அகப்படாத கூட்டம் தலைக்கு மேலே இருக்கிறது. சிங்கப்பூர் செர்ரி மரத்தை இரவெல்லாம் மொய்க்கும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் கண்ணையும் மூக்கையும் நம்பி வாழ்வது. பழத்தைக் கவ்விக்கொண்டு வேறிடத்துக்குப் போய்ச் சாறை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். உங்கள் கார் அதன் சாப்பாட்டுக் கூடத்தின் கீழே நிற்கிறது, அவ்வளவுதான். பூச்சி தின்னும் சின்ன வௌவால்களுக்கு ஒலிதான் கண். அவை பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்துகின்றன. நம் காது அங்கேதான் நின்றுவிடுகிறது. 50 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 மில்லிமீட்டர் போல வரும். ஒரு சின்னப் பூச்சியில் பட்டுத் திரும்ப அவ்வளவு குறுகிய அலை தேவை. ஒரு மீட்டர் தூரத்துப் பூச்சியிலிருந்து எதிரொலி வர 6 மில்லி விநாடி. நெருங்க நெருங்கக் கத்தல் அடர்ந்து, கடைசிக் கணத்தில் விநாடிக்கு நூறைத் தாண்டிவிடும். 1938இல் ஹார்வர்டில் மாணவராக இருந்த டொனால்ட் கிரிஃபின், ஜி. டபிள்யூ. பியர்ஸ் என்ற இயற்பியலாளர் செய்த கருவிக்கு முன்னால் வௌவால்களைக் கொண்டுபோன பிறகுதான் இந்தக் கூச்சல் மனிதர்களுக்குக் கேட்டது. அந்துப்பூச்சிகளில் பலவும் அதற்கு எவ்வளவோ காலம் முன்பே கேட்கத் தொடங்கிவிட்டன. ஒரு காதுக்கு ஓரிரு நரம்பு செல்களே இருந்தாலும், வௌவால் வருகிறது என்று தெரிந்து சட்டென்று கீழே விழுந்து தப்பிக்க அது போதும்.

அந்துப்பூச்சிக்கு இருட்டில் நிறமும் தெரியும். யானை ஹாக் மாத் என்ற பூச்சி, நமக்கு எல்லாம் சாம்பலாகத் தெரியும் நட்சத்திர வெளிச்சத்தில் நிறங்களைப் பிரித்தறிகிறது என்று ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 2002இல் காட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து அங்கேயே ஒரு பல்லி இனத்தைச் சோதித்தபோது, நிறம் காணும் திறனில் அதன் கண் நம்முடையதைவிட 350 மடங்கு நுட்பமானது என்று தெரிந்தது. நம் சுவர்ப்பல்லி வேறு இனம்தான், ஆனால் உறவுதான்.

அப்படிப்பட்ட பூச்சி ஏன் போர்ட்டிகோ விளக்கில் போய்ச் சிக்குகிறது? நிலவென்று நினைக்கிறது, சூட்டுக்கு வருகிறது என்று பல விளக்கங்கள் புழக்கத்தில் இருந்தன. 2024இல் அதிவேக கேமராக்களை வைத்து எடுத்த படங்கள் எளிமையான ஒரு காரணத்தைக் காட்டின. பறக்கும் பூச்சிகள் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கின்றன. கோடிக்கணக்கான வருடங்களாக இரவில் வெளிச்சமான பக்கம் என்றால் வானம். முதுகை அதற்குக் காட்டினால் உடம்பு நேராக இருக்கும். விளக்கு பக்கவாட்டில் இருந்தால் பூச்சி அதை நோக்கி முதுகைச் சாய்த்துச் சாய்த்து, விளக்கையே சுற்றிக்கொண்டிருக்கும். விளக்குக்கு மேலே வந்துவிட்டால் தலைகீழாகப் புரண்டு விழும். பல்லி டியூப்லைட் பட்டையின் பின்னால் குடியிருப்பதன் காரணம் இதுதான்.

கேமரா மாட்டுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பழம் வைத்து வரவழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அப்போது பதிவாவது மரநாயின் வழக்கமான பாதை அல்ல, நீங்கள் வைத்த பப்பாளி. எச்சம் கிடக்கும் மதிலே போதும். மரநாய் வரும் திசைக்கு நேர் எதிராக வைக்காமல், அது குறுக்கே கடக்கும்படி பக்கவாட்டில், முழங்கால் உயரத்துக்குக் கட்டுங்கள். முன்னால் ஆடும் செடிகளைக் கட்டி ஒதுக்குங்கள். இரண்டாவது கேமரா வாங்க வசதி இருந்தால் அதை மேலே, இரண்டு மரங்களின் கிளைகள் தொடும் இடத்தில் வையுங்கள். போர்ட்டிகோ விளக்கு மட்டும் அணைந்திருக்கட்டும்.