கேரக்டரை மாற்றும் முன் ரீப்ளேயைத் திறங்கள்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேமைக் கற்றுக்கொள்ள வருபவர்கள் முதல் மாதத்திலேயே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: "இந்தக் கேரக்டரை வச்சு ஜெயிக்கவே முடியல, மாத்திடட்டுமா?" கேட்பவரின் கடைசி ஐந்து தோல்விகளை ரீப்ளேயில் (ஆட்டப் பதிவில்) ஓட்டிப் பார்த்தால் காட்சிகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எதிராளி ஏழெட்டு முறை தாவி வந்திருப்பார். ஒருமுறைகூட அவரைக் கீழே தள்ளியிருக்க மாட்டார்கள். தம் அடியை எதிராளி தடுத்துவிட்ட (பிளாக்) பிறகும் பட்டனை அழுத்தி அடி வாங்கியிருப்பார்கள். சிறப்பு அசைவுகளுக்குச் செலவாகும் டிரைவ் மீட்டர் முழுவதையும் தீர்த்துவிட்டு மூலையில் மாட்டியிருப்பார்கள். 2023 ஜூனில் விளையாட்டு வெளியானபோது இருந்த 18 கேரக்டர்களிடமும் இந்த மூன்றுக்கும் ஏதோ ஒரு பதில் இருந்தது. புதிய கேரக்டருக்குத் தாவினால் பழைய தப்புகள் மூன்றும் கூடவே வரும். புதுப் பட்டன்களைப் பழகும் வேலை அதற்கு மேல்.

தேர்வைப் பற்றி முதலில். டயர் லிஸ்ட்டை (கேரக்டர்களின் பலத் தரவரிசையை) பார்த்து மெயினை, அதாவது வழக்கமாக ஆடும் கேரக்டரைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் வீண். உச்சத்தில் ஆடுபவர்கள் தங்களுக்குள் மோதும்போது தெரிகிற வித்தியாசங்களைத்தான் அந்தப் பட்டியல் சொல்கிறது. கோல்டு, பிளாட்டினம் ரேங்கில் ஒரு மேட்ச்சை முடித்துவைப்பது தடுக்காமல் விட்ட தாவல்கள். போதாக்குறைக்குப் பட்டியலும் ஓரிடத்தில் நிற்காது: 2024 மே 22 அன்று அகுமா என்ற புதிய கேரக்டர் வந்தபோது கூடவே எல்லாக் கேரக்டர்களையும் தொட்ட பெரிய சீரமைப்பும் வந்தது. அதற்கு முந்தைய வாரம் பட்டியல் பார்த்து மெயின் எடுத்தவர் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருந்திருக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. எதிராளி தொலைவில் நிற்கிறார், நீங்களும் நிற்கிறீர்கள், யாரும் யாரையும் தொடவில்லை. அந்த நேரத்தில் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள்? தூரத்திலிருந்து ஆற்றல் பந்தை விட்டு அவரைத் தாவ வைத்து, தாவியதும் அடிக்கப் பிடிக்கும் என்றால் ரியூ. ஓரிடத்தில் உட்கார்ந்து அவரைச் சலிப்படைய வைப்பதில் மகிழ்ச்சி என்றால் கைல். ஆனால் அவர் எறியும் சோனிக் பூமுக்குக் கிட்டத்தட்ட முக்கால் நொடி பின்பக்கம் அழுத்தி வைத்திருக்க வேண்டும், அதாவது முன்னால் நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு விலை உண்டு. நெருங்கப் பத்து முறை முயன்று ஒன்பது முறை அடி வாங்கினாலும், பத்தாவது முறை பிடித்துச் சுழற்றி எறிவதே போதும் என்ற பொறுமை இருந்தால் ஜாங்கீஃப். அந்தப் பொறுமைக்காகவே மற்றவர்களில் பெரும்பாலோருக்கு 10,000 உயிர் என்றால் அவருக்கு 11,000. வேகமாக ஓடி ஒட்டிக்கொண்டு விடாமல் நெருக்கப் பிடித்தால் கேமி.

நம் ஊர்க்காரர் என்ற பாசத்தில் தால்சிமை எடுப்பவர்கள் அதிகம். 1991 முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரில் இருப்பவர், தவறில்லை. ஆனால் மற்ற எவரிடமும் இல்லாத நீளும் கைகால்களும், மிதந்து மெதுவாக இறங்கும் தாவலும் அவருடையவை. அவரிடம் கற்ற தூரக் கணக்கு அடுத்த கேரக்டருக்குப் பயன்படாது. இது முதல் கேரக்டர் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

டிரெய்னிங் மோடில் காம்போ (தொடர் அடி) போட்டுப் பார்த்துக் கேரக்டரை முடிவு செய்யாதீர்கள். அங்கே நிற்கும் பயிற்சிப் பொம்மையை அடிக்கும்போது எல்லாக் கேரக்டரும் இனிக்கும். ஒரே கேரக்டரோடு 30 மேட்ச் ஆடுங்கள். தோற்ற மேட்ச்களில் என்ன செய்ய முயன்றீர்கள் என்று உங்களால் சொல்ல முடிந்தால் அவர் உங்களுக்கானவர். மாடர்ன் கன்ட்ரோலா கிளாசிக்கா என்ற சண்டையில் நேரத்தைக் கரைக்க வேண்டாம். மாடர்னில் ஒற்றைப் பட்டனில் ஸ்பெஷல் (கேரக்டருக்கே உரிய சிறப்பு அடி) வரும். அப்படிப் போடும் ஸ்பெஷலுக்கு அடியின் அளவு 20 சதவீதம் குறையும், சில சாதாரண அடிகளும் கிடைக்காது. விரல் பழகாதவருக்கு அது நியாயமான பேரம்தான்.

இனி ஃபிரேம். பலர் இந்தச் சொல்லைக் கேட்டாலே கணக்குப் பாடம் என்று ஓடுகிறார்கள். ஒரு நொடியில் 60 ஃபிரேம், ஆக ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிநொடி. மனிதக் கண் ஒன்றைப் பார்த்து விரல் அசைய, எதிர்பார்த்துக் காத்திருக்கும்போதே 12 முதல் 15 ஃபிரேம் ஆகிவிடும். எது வரும் என்று தெரியாத ஆட்டத்தில் 20ஐத் தாண்டும். வேகமான ஜாப் (லேசான குத்து) 4 ஃபிரேமில் வருகிறது, த்ரோ (பிடித்து எறிவது) 5 ஃபிரேமில். இவற்றைப் பார்த்துத் தடுக்க உலகில் யாராலும் முடியாது, ஊகிக்கத்தான் முடியும். டிரைவ் இம்பாக்ட் என்ற கனமான அடி 26 ஃபிரேம், தாவல் சுமார் 40. இவை இரண்டையும் பார்த்துத் தடுக்கலாம். "எனக்கு ரியாக்‌ஷன் கம்மி" என்று நொந்துகொள்பவரிடம் உண்மையில் நடப்பது, ஒரே சமயத்தில் ஐந்து விஷயங்களுக்குக் காத்திருப்பது. தாவலுக்கு மட்டும் காத்திருக்கச் சொன்னால் அதே ஆள் பத்தில் எட்டைத் தடுத்துவிடுவார்.

அதனால்தான் பயிற்சியில் முதல் வேலை ஆன்டி-ஏர், அதாவது தாவி வருபவரை வானிலேயே அடித்துத் தள்ளுவது. டிரெய்னிங் மோடில் பொம்மைக்கு முன்பக்கம் தாவி உதைக்கும் ஓர் அசைவைப் பதிவு செய்யுங்கள். அதைத் தடுக்க ரியூவுக்கு ஷோர்யூகென் (மேலெழும் குத்து), கேமிக்குக் கேனன் ஸ்பைக் (மேலெழும் உதை). எதிராளியின் தாவல் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கும்போது போட வேண்டும். 20 தாவலில் 15ஐத் தடுக்கும்வரை இது மட்டும். பிறகு இரண்டாவது பதிவில் நடந்து வந்து த்ரோ செய்வதையும், மூன்றாவதில் டிரைவ் இம்பாக்டையும் பதிவு செய்து மூன்றையும் ரேண்டமாக ஓட விடுங்கள். எண்ணிக்கை சட்டென்று பாதியாகக் குறையும். மேட்ச்சில் உங்களுடைய உண்மையான அளவு அதுதான். பொம்மையை இடப்பக்கத்துக்கும் மாற்றி நிறுத்திச் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் கை பழகியிருப்பது மிகச் சாதாரணம்.

ஸ்பெஷல் வராமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். எண் பலகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் 5, கீழே 2, கீழ்-முன் மூலையில் 3, முன்னால் 6. ஹடோகென் (ரியூ விடும் பந்து) 236, ஷோர்யூகென் 623. முன்னால் நடந்துகொண்டே ஹடோகென் போட்டால் நடையின் 6ம் சேர்ந்து 6236 ஆகிவிடும்; விளையாட்டு அதை ஷோர்யூகென் என்று எடுத்துக்கொண்டு உங்களை வானத்துக்கு அனுப்பும். நடையை ஒரு கணம் நிறுத்தி, லீவர் நடுவுக்கு வந்த பிறகு 236ஐத் தொடங்கினால் சரியாகும். எது தவறியது என்று ஊகிக்க வேண்டாம், இன்புட் காட்சியை ஆன் செய்து திரையின் ஓரத்தில் படியுங்கள்.

அடுத்தது, யாருடைய முறை என்ற கணக்கு. உங்கள் அடி பிளாக்கில் மைனஸ் 3 என்றால், எதிராளி உங்களைவிட 3 ஃபிரேம் முன்னதாக அசையலாம். இருவருமே 4 ஃபிரேம் ஜாப் போட்டால் அவருடையது 4வது ஃபிரேமில் வரும், உங்களுடையது 7வதில். ஒவ்வொரு முறையும் அடி வாங்குவது நீங்கள். மைனஸ் 4 அல்லது அதற்கு மேல் என்றால் நீங்கள் பட்டனையே தொடாவிட்டாலும் அவருடைய ஜாப் எட்டும் தூரத்தில் இருந்தால் விழும். எல்லாக் கேரக்டரின் ஃபிரேம் அட்டவணையையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. உங்களை அடிக்கடி அடிக்கும் அந்த ஒரு அடியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேரக்டரைப் பொம்மையாக வைத்து, அந்த அடியையும் அதன் பின்னாலேயே ஒரு ஜாபையும் பதிவு செய்யுங்கள். அடியைத் தடுத்துவிட்டு உங்கள் ஜாபை அழுத்துங்கள். உங்களுடையது முந்தினால் அது உங்கள் முறை. இத்தனை நாள் சும்மா நின்று விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். டிரெய்னிங் மோடின் ஃபிரேம் மீட்டர் அதை நிறத்தில் காட்டும். பத்து நிமிட வேலை.

டிரைவ் கணக்கில்தான் யூடியூப் காம்போக்கள் ஆட்களைக் கவிழ்க்கின்றன. மொத்தம் 6 கட்டம். டிரைவ் இம்பாக்டுக்கு 1, ஓவர்டிரைவ் (வலுவூட்டிய) ஸ்பெஷலுக்கு 2, அடியைப் பாதியில் வெட்டி டிரைவ் ரஷ் (முன்னால் பாயும் ஓட்டம்) போட 3. ரஷ்ஷும் ஓவர்டிரைவும் சேர்ந்த ஒரு பளபளப்பான காம்போ 5 கட்டத்தை விழுங்கும். எதிராளி அதில் சாகவில்லை என்றால் மீதி ஒற்றைக் கட்டத்தோடு நீங்கள் தடுத்துக்கொண்டு நிற்க வேண்டும், தடுக்கத் தடுக்க அதுவும் கரையும். கரைந்தால் பர்ன்அவுட்: அவருடைய ஒவ்வொரு அடியும் பிளாக்கில் 4 ஃபிரேம் கூடுதல் சாதகம் பெறும், தடுத்தாலும் ஸ்பெஷல் உயிரை அரிக்கும், மூலையில் டிரைவ் இம்பாக்டைத் தடுத்தால்கூட மயங்கி விழுவீர்கள். அந்தக் காம்போ சுற்றை முடிக்கும் என்றால் மட்டும் போடுங்கள்.

அதுவரை மூன்றே காம்போ போதும்: தவறு செய்தவரைத் தண்டிக்க ஒன்று, ஆன்டி-ஏருக்குப் பின் ஒன்று, இரண்டு லேசான அடியிலிருந்து ஸ்பெஷலுக்குப் போவது ஒன்று. மூன்றாவதுதான் கடினம். பொம்மையின் பிளாக்கை ரேண்டமில் வையுங்கள். அடி விழுந்தால் மட்டும் ஷோர்யூகென், தடுத்துவிட்டால் கையை நிறுத்த வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு முடித்துவிடுபவர்கள், தடுக்கப்பட்ட ஷோர்யூகெனில் இருந்து இறங்கி வரும்போது எதிராளியின் மிகப்பெரிய காம்போவை வாங்குவார்கள்.

ரீப்ளே பார்ப்பது எப்படி? வென்றதைப் பார்க்காதீர்கள். தோற்ற ஐந்தை எடுத்து, உயிர் குறைந்த ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி ஒரு தாளில் கோடு போடுங்கள்: தாவல், த்ரோ, முறையில்லாமல் அழுத்தியது, டிரைவ் இம்பாக்ட், மற்றவை. த்ரோ ஒன்றுக்குப் பெரும்பாலும் 1200 போகும். ஒரு சுற்றில் நான்கு வாங்கினால் 4800, பாதி உயிர் அங்கேயே போயிற்று. "காம்போவில் செத்தேன்" என்று நினைத்திருப்பீர்கள். எந்தத் தலைப்பில் கோடு அதிகமோ அதுதான் அந்த வாரத்தின் வேலை. அந்த வாரம் ரேங்க் இறங்கினால் இறங்கட்டும், ஏனென்றால் ஒன்றில் கவனம் வைத்தால் மற்றவை சரிவது இயல்பு. டெக்கன் 8 என்ற மற்றொரு சண்டை விளையாட்டில் ஒரு வசதி உண்டு: ரீப்ளேயின் நடுவிலேயே கன்ட்ரோலை வாங்கி, தோற்ற அதே கணத்தை மறுபடி ஆடிப் பார்க்கலாம்.

ஆன்லைனில் முன்பின் தெரியாத நூறு பேரோடு ஒவ்வொரு மேட்ச் ஆடுவதைவிட, உங்களைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடும் ஒருவரோடு பத்து வெற்றிவரை ஆடுவது அதிகம் கற்றுத்தரும். நீங்கள் மாறியதும் அவரும் மாறுவார், அதற்குப் பதில் தேட வேண்டியிருக்கும். லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் 2019இல் எவோ ஜப்பான், எவோ என்ற இரண்டு பெரிய சண்டை விளையாட்டுப் போட்டிகளையும் டெக்கன் 7இல் வென்றபோது உலகம் திகைத்தது. உள்ளூரில் தன்னோடு ஆடுபவர்களும் இதே தரம்தான் என்று அவர் சொன்னதைச் சோதிக்கக் ‘நீ’ (Knee) என்ற பெயரில் ஆடும் கொரிய டெக்கன் வீரர் பாகிஸ்தானுக்கே போய் ஆடினார்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேட், ஸ்டிக், லெவர்லெஸ் (பட்டன்கள் மட்டும் உள்ள கருவி) எதுவானாலும் சரி. காசு செலவழிப்பதற்கு முன் டிவியில் கேம் மோடை ஆன் செய்து, வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறுங்கள். கையில் மட்டும் அலட்சியம் வேண்டாம். கட்டைவிரலின் அடியில் வலி, விரல் மரத்துப்போதல், காலையில் மணிக்கட்டு இறுகியிருப்பது ஆகியவை வந்தால் அன்றே நிறுத்துங்கள். சில நாள் ஓய்வுக்குப் பிறகும் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். தொடர்ந்து மூன்று தோற்ற கோபத்தில் பட்டனை நசுக்குவதும் கைக்கு நல்லதல்ல. மூன்று தோற்றால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போங்கள்.

கேரக்டரை மாற்றவே கூடாதா என்றால், மாற்றலாம். கோடு போட்ட தாளில் "மற்றவை" மட்டும்தான் மிஞ்சுகிறது, தோற்கும்போதும் என்ன செய்திருக்க வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் அதைச் செய்ய அலுப்பாக இருக்கிறது என்றால் அது நியாயமான காரணம். இந்த விளையாட்டில் ரேங்க் ஒவ்வொரு கேரக்டருக்கும் தனி, ஆகவே பழைய மெயினின் புள்ளிகள் அப்படியே இருக்கும். புதியவரோடு முதல் நாளில் மூன்றைக் கண்டுபிடியுங்கள்: 4 ஃபிரேம் பட்டன் எது, தாவலைத் தடுப்பது எது, தடுத்த பிறகு எட்டிப் பிடித்துத் தண்டிப்பது எது. காம்போ வீடியோவை இரண்டாம் வாரத்தில் திறக்கலாம்.