லாக்: மரக்கட்டை முதல் நாள்வழி வரை

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு நாங்கள் பில் போடும் மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறோம். தொகையை முழு ரூபாயாக்கும் இடத்தில் ஒரு கணக்கு இடித்தது. யார், எப்போது மாற்றினார்கள் என்று பார்க்கச் சொன்னேன். கோப்புகளில் செய்யும் மாற்றங்களைக் காத்துவைக்கும் கருவிக்குக் கிட் என்று பெயர், அந்த மாற்றங்களைப் பட்டியலிடும் கட்டளை கிட் லாக். புதிதாகச் சேர்ந்த பெண் கிட் லாக் போட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணே, மூணு என்ட்ரிதான் வருது. பழசையெல்லாம் யாரோ அழிச்சுட்டாங்க போலிருக்கு" என்றாள். அந்தக் கணக்கு இருக்கும் கோப்புக்கு நாலு வயது. மூன்று பதிவோடு நிற்கிற கோப்பு இல்லை அது.

யாரும் அழிக்கவில்லை. நடந்தது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். அன்று அவள் கேட்ட இன்னொரு கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்: "லாக்குன்னா கட்டைதானே அண்ணே? இதுக்கு எதுக்கு அந்தப் பேரு?"

கட்டையேதான். கரையே தெரியாத நடுக்கடலில் கப்பல் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அறிய அன்றைய மாலுமிகளுக்கு ஒரு வழி இருந்தது. ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டிப் பின்பக்கமாகத் தண்ணீரில் போடுவார்கள். கட்டை போட்ட இடத்தில் நிற்கும், கப்பல் முன்னே போகும், கயிறு உருண்டு வெளியேறும். கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள் இருக்கும். மணல் கடிகாரம் வடிந்து தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டிப் போனது என்று எண்ணுவார்கள். பிற்காலத்தில் 28 விநாடிக் கடிகாரமும் 47 அடி 3 அங்குல இடைவெளியும் வழக்கமாயின. அந்தக் கணக்கில் ஒரு முடிச்சு என்றால் மணிக்கு ஒரு கடல் மைல். புயல் எச்சரிக்கையில் கப்பலுக்கும் காற்றுக்கும் இன்றும் 'நாட்' என்று வேகம் சொல்கிறார்களே, அது இந்த முடிச்சுதான். வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1574-இல் இந்த முறையை எழுதி வைத்திருக்கிறார்.

கட்டை சொன்ன வேகத்தை, நேரம், திசை, காற்று இவற்றோடு ஒரு புத்தகத்தில் வரிசையாக எழுதினார்கள். கட்டையின் புத்தகம், அதாவது லாக் புக். நாளடைவில் கட்டை போய்விட்டது, புத்தகம் நின்றது. புத்தகம் என்ற பாதியும் உதிர்ந்து, எழுதியதற்கே லாக் என்று பேராயிற்று. நம் கட்டுமரத்தைக் கடல்வழியாகவே ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. அவர்களுடைய கட்டை நம்மிடம் ஜீப் ஓட்டுநரின் லாக் புக்காக வந்து சேர்ந்தது. எங்கள் பக்கம் சப்ஸ்டேஷனில் ஆபரேட்டர் மணிக்கொரு தரம் எழுதுவதும் லாக் புக்தான்.

கணக்கில் வரும் லாக் வேறு. அது கிரேக்கச் சொற்களைக் கொண்டு உருவாக்கிய லாகரிதம். அதற்கு மடக்கை என்று பள்ளிக்கூடத்திலேயே நல்ல தமிழ் இருக்கிறது. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

கணினிக்குள் வந்த பிறகு இந்தச் சொல் கிளைவிட்டது. உள்ளே வந்ததைப் பதிந்துகொள்வது லாகின். இணையத்தில் எழுதும் குறிப்புகளுக்கு 1997-இல் ஜார்ன் பார்ஜர் வெப்லாக் என்று பெயர் வைத்தார். 1999-இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதை விளையாட்டாக உடைத்துப் போட, ப்ளாக் பிறந்தது. நாம் வலைப்பதிவு என்றோம். நிரலாளர்களின் லாக் இந்த வெப்லாகுக்கு முந்தியது. கோப்பின் மாற்றங்களைக் காத்துவைக்கும் முன்னோடிக் கருவி ஒன்றை 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் செய்தார். 1982-இல் வால்டர் டிக்கி செய்த ஆர்சிஎஸ் கருவியில், திருத்த வரலாற்றைக் காட்டும் கட்டளைக்கு ஆர்லாக் என்று பெயர். அதற்கப்புறம் சிவிஎஸ், சப்வெர்ஷன், 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட் என்று கருவிகள் மாறின. லாக் மட்டும் மாறவில்லை.

சரி, அது என்ன காட்டுகிறது? கிட் லாக் என்று தட்டினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாலு விஷயம் வரும். முதலில் நாற்பது எழுத்தில் ஓர் அடையாளம். அடுத்து எழுதியவர் பெயர். அப்புறம் நாள், நேரம். கடைசியில், என்ன செய்தோம் என்று செய்தவரே எழுதிய குறிப்பு. புதியது மேலே, பழையது கீழே. இது வேலை முழுவதற்குமான லாக். ஒரே ஒரு கோப்பின் கதை மட்டும் வேண்டும் என்றால், கட்டளைக்குப் பின்னால் இரண்டு சிறுகோடு போட்டு, இடம் விட்டு, கோப்பின் பெயரைத் தர வேண்டும். அந்தக் கோப்பைத் தொட்ட மாற்றங்கள் மட்டும் வரிசையாக நிற்கும்.

இதை டெல்டாக்காரர்களுக்கு விளக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி வில்லங்கச் சான்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் நாள் தவறாமல் பத்திரங்கள் பதிவாகின்றன. ஒரு ஊர்க்காரர் விற்கிறார், இன்னொருவர் அடமானம் வைக்கிறார், மூன்றாமவர் மகளுக்குத் தானசெட்டில்மென்ட் எழுதுகிறார். எல்லாம் கலந்து, வந்த வரிசையில் இருக்கும். நமக்கு வேண்டியது நம் வயல் மட்டும். புல எண்ணைக் கொடுத்து வில்லங்கம் போட்டால் அந்த எண்ணைத் தொட்ட பத்திரங்கள் மட்டும் வருகின்றன: ஆவண எண், ஆண்டு, எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், என்ன வகை ஆவணம். கோப்பின் பெயரைக் கொடுத்து லாக் கேட்பது அப்படியே இதுதான்.

இன்னும் நெருங்கிப் பாருங்கள். வில்லங்கச் சான்றில் பத்திரம் எழுதிய நாள் ஒன்று, அலுவலகத்தில் பதிந்த நாள் ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். கிட்டும் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. மாற்றத்தை எழுதியவரும் அவர் எழுதிய நாளும் ஒன்று, அதைச் சேர்த்தவரும் சேர்த்த நாளும் ஒன்று. சாதாரணமாக லாக் முதலாவதை மட்டும் காட்டும். ஃபுல்லர் என்ற வடிவத்தைக் கேட்டால் இரண்டும் வரும்.

இப்போது அந்த மூன்று என்ட்ரிக்கு வருகிறேன். நன்னிலம் பக்கம் எங்கள் குடும்ப நிலம் ஒன்று பாகப்பிரிவினையில் மூன்றாகப் பிரிந்தது. அப்பாவின் பங்குக்குப் புதிய உட்பிரிவு எண் வந்தது. பயிர்க்கடனுக்காக அந்தப் புதிய எண்ணைப் போட்டு வில்லங்கம் எடுத்தால் வெறும் இரண்டு பத்திரம் வந்தது. முன்னால் ஒன்றுமே இல்லை. நான் பதறிப்போனேன். பெரியப்பா கொஞ்சமும் அசையவில்லை. "தாய் நம்பரைப் போட்டு எடுடா, எல்லாம் வரும்" என்றார். வந்தது. நிலம் அதே நிலம்தான், எண் மாறியிருந்தது. புது எண்ணைக் கேட்டால் புது எண்ணின் கதையைத்தான் சொல்லும்.

எங்கள் கோப்பும் அப்படித்தான். நான்கு வருடம் 'பில்' என்ற பெயரில் இருந்ததை ஒருவர் 'ரசீது' என்று மாற்றியிருந்தார். ரசீது என்று கேட்டதும் ரசீதான பிறகு நடந்த மூன்றை மட்டும் லாக் காட்டியது. இதற்கு ஃபாலோ என்று ஒரு சேர்க்கை உண்டு. கட்டளையில் இரண்டு சிறுகோட்டோடு ஃபாலோ என்று சேர்த்தால், பெயர் மாறிய இடத்தைத் தாண்டிப் பழைய பெயரிலும் தேடிக்கொண்டு போகும். பெயர் மாறியதைக் கிட் எங்கும் எழுதி வைப்பதில்லை. போன கோப்பையும் வந்த கோப்பையும் ஒப்பிட்டு, போதிய அளவு ஒத்திருந்தால் இது அதுதான் என்று முடிவு செய்கிறது. அதனால் பெயரையும் மாற்றி உள்ளடக்கத்தையும் ஒரே நேரத்தில் புரட்டிப் போட்டால் தடம் விட்டுப்போகும். பெயர் மாற்றுவதைத் தனியாகச் செய்து சேருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். இன்னொன்று, ஃபாலோ ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோப்புக்குத்தான் வேலை செய்யும்.

அவள் ஃபாலோ போட்டதும் திரை நிறைந்து, இறங்கிக்கொண்டே போனது. அதோடு ஒற்றைக் கோட்டுடன் 'பி' என்ற எழுத்தையும் சேர்க்கச் சொன்னேன். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே நீக்கிய வரி கழித்தல் குறியோடும் சேர்த்த வரி கூட்டல் குறியோடும் வரும். ஐந்து நிமிடத்தில் அந்த முழு ரூபாய்க் கணக்கு அகப்பட்டது. மாற்றியது நான்தான், இரண்டு வருடத்துக்கு முன்னால், தீபாவளிக்கு முதல் வாரம்.

இனி தமிழுக்கு வருவோம். லாக் என்பதற்குப் 'பதிவு' என்று போட்டுவிட்டுப் போவதுதான் இன்று பொது வழக்கம். எனக்கு அது போதவில்லை. பத்திரம் பதிவதும் பதிவு, ரெக்கார்டும் பதிவு, என்ட்ரியும் பதிவு, முகநூலில் போடுவதும் பதிவு. ஒரே வாக்கியத்தில் லாகும் என்ட்ரியும் வந்தால் 'பதிவில் உள்ள பதிவு' என்று எழுத வேண்டியிருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா இந்தச் சிக்கலை ஓரிடத்தில் அழகாகத் தீர்த்தது. லாகினுக்குப் புகுபதிகை, லாகவுட்டுக்கு விடுபதிகை. நல்ல சொற்கள், புழக்கத்திலும் இருக்கின்றன. ஆனால் லாக் என்பதன் உயிர் பதிவதில் இல்லை, வரிசையில் இருக்கிறது. கப்பலில் எழுதியதும் அப்படித்தான்: இந்த மணிக்கு இது, அடுத்த மணிக்கு அது.

இந்தப் பொருளுக்கு நம் கடைத்தெருவில் ஏற்கெனவே சொல் இருக்கிறது. நாள்வழி. மண்டியிலும் ஜவுளிக்கடையிலும் அன்றன்று நடந்த வரவையும் பற்றையும் நடந்த வரிசையிலேயே எழுதும் நீளமான கணக்குப் புத்தகம். மேலே பிள்ளையார் சுழி, கீழே தேதி, அப்புறம் வரிகள். ஒரு ஆளின் கணக்கு மட்டும் வேண்டும் என்றால் நாள்வழியிலிருந்து பேரேட்டுக்கு எடுத்து எழுதுவார்கள். பேரேட்டில் அவர் பக்கத்தைத் திறந்தால் அவருடையது மட்டும் இருக்கும். கிட் லாக் மொத்தமும் நாள்வழி. ஒரு கோப்புக்கு மட்டும் கேட்பது பேரேட்டின் ஒரு பக்கம்.

நாள்வழியில் அடித்தல் திருத்தல் கூடாது. நேற்று தப்பாக எழுதியிருந்தால் இன்றைய தேதியில் திருப்பி ஒரு வரி எழுதி நேர் செய்வார்கள். கிட்டில் ரிவர்ட் செய்வது அதே முறை: தவறு அதன் இடத்தில் இருக்கும், அதைத் திருப்பும் மாற்றம் மேலே புதிதாக ஏறும். பழைய வரலாற்றை மாற்றி எழுதவும் கிட்டில் வழி உண்டு. ஆனால் ஒவ்வொரு பதிவும் முந்தியதன் அடையாளத்தைத் தனக்குள் வைத்திருப்பதால், நடுவில் ஒன்றைத் தொட்டால் அதற்குப் பின் வந்த எல்லாவற்றின் அடையாளமும் மாறிவிடும். மற்றவர்களிடம் இருக்கும் பிரதியோடு ஒத்துப்போகாது.

சரி, அப்படியானால் ஒரு கோப்பின் லாகுக்கு என்ன சொல்வது? 'திருத்த வரலாறு' எனக்கு நிறைவாக இருக்கிறது. வரலாறு என்பதே வரல், ஆறு இரண்டும் சேர்ந்தது, வந்த வழி என்று பொருள். கோப்பு இந்த நிலைக்கு வந்த வழியைத்தான் கட்டளை காட்டுகிறது. ஆக, எழுதப்படும் ஏடு நாள்வழி, ஒரு கோப்புக்காக அதிலிருந்து எடுத்துக் காட்டுவது திருத்த வரலாறு.

ஒரு மாற்றத்தைக் கிட்டில் சேர்ப்பதைக் கமிட் என்பார்கள். அதற்கும் சோழர் காலத்திலிருந்து ஒரு சொல்லை எடுக்கலாம் என்று எனக்கு ஆசை. நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை ராஜராஜன் கொடுத்தான். அதைச் சொல்லும் செப்பேட்டுக்கு, போய்ச் சேர்ந்த ஊரின் பெயரால் லெய்டன் செப்பேடு என்று பெயர் நிலைத்துவிட்டது. மன்னன் தஞ்சையில் இருந்து ஆணையிட்டது தன் 21-ஆம் ஆட்சியாண்டின் 92-ஆம் நாளில். செம்பில் வெட்டியது மகன் ராஜேந்திரன் காலத்தில். சொன்னவர் ஒருவர், சொன்ன நாள் ஒன்று, நிலைக்கச் செய்தவர் வேறு ஒருவர். இடையில் ஓலை எழுதியவர், ஓலை நாயகம், வரிப்பொத்தகக்காரர் என்று அதிகாரிகளின் வரிசை. நிலக்கொடையை அரசாங்கக் கணக்கில் ஏற்றுவதை அந்தக் காலத்து ஆவணங்கள் 'வரியிலிடுதல்' என்கின்றன. மாற்றத்தை வரியிலிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன், நாக்குக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இன்றைய காதுக்கு வரி என்றால் முதலில் டாக்ஸ்தான் நினைவு வரும். அதனால் எங்கள் அலுவலகத்தில் கமிட் இன்னும் கமிட்டாகவே இருக்கிறது.

நாள்வழியை மட்டும் நான் விடவில்லை. பாத்திரக்கடை மென்பொருளில் யார் எந்தப் பில்லைத் திருத்தினார்கள் என்று காட்டும் பகுதிக்கு 'லாக்' என்று பெயர் போட்டிருந்தோம். கடையில் முப்பது வருடமாகக் கணக்கு எழுதும் பெரியவர் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. சந்தேகம் என்றால் எங்களுக்குத்தான் போன் வரும். போன வாரம் அந்தப் பொத்தானின் பெயரை 'நாள்வழி' என்று மாற்றி, எதுவும் சொல்லாமல் அனுப்பி வைத்தோம். மறுநாள் சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "தம்பி, செவ்வாய்க்கிழமை நாள்வழி பார்த்தேன். பதினோராவது வரியில ஒரு குத்துவிளக்கை ரெண்டு தடவை ஏத்தியிருக்காங்க."