கத்தரிப்பூவுக்கு யாரு வர்றாங்கன்னு பாருங்க

வீட்டுல நாலு கத்தரிச்செடி பூத்திருந்தா காலைல வெயில் ஏற ஆரம்பிச்சதும் ஒரு பத்து நிமிஷம் பக்கத்துல அசையாம உக்காந்து பாருங்க, தேனீன்னாலே கூட்டமா கூடு கட்டி தேன் சேக்குறதுதான்னு நாம நினைச்சிட்டு இருக்கிறது அங்கயே மாறிடும். உலகத்துல 20,000 வகைக்கு மேல தேனீ இருக்கு, அதுல பெரும்பாலானது ராணி, வேலைக்காரின்னு எதுவும் இல்லாம ஒத்தை ஆளா கூடு கட்டி ஒத்தை ஆளா முட்டை வச்சிட்டு போற ரகம்.

அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, அப்புறம் சுவத்து ஓட்டைல மெழுகுக்குழாய் நீட்டி வச்சிருக்குமே அந்த குட்டி கொசுத்தேனீ, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். இதுங்க மகரந்தத்த தேன் தொட்டு பிசைஞ்சு பின்னங்கால்ல உருண்டையா ஒட்டிட்டு போகும். அந்த உருண்டைய கவனிச்சு வச்சுக்குங்க, தேனீய அடையாளம் பிடிக்க கலரை விட மகரந்தத்த எங்க சுமக்குதுன்னு பாக்குறதுதான் எனக்கு நம்பிக்கையான வழி.

கத்தரிப்பூவுல தேனே கிடையாது. மகரந்தமும் வெளிய இல்ல, நடுவுல மஞ்சளா நிக்கிற குழாய்களுக்குள்ள பூட்டி கிடக்கு, நுனில மட்டும் சின்ன ஓட்டை, உப்பு டப்பா மாதிரி குலுக்கினாத்தான் கொட்டும். காத்து ஆட்டினா கொஞ்சம் கொட்டும், ஆனா நல்லா கொட்ட வைக்கிற வித்தை அடுக்குத்தேனீக்கு தெரியாது, நீலப்பட்டைத் தேனீக்கு தெரியும். அது பூவை பிடிச்சிட்டு றெக்கைய அசைக்காம, பறக்குற தசைய மட்டும் அதிர வைக்கும், அப்ப பறக்குற சத்தம் நின்னு திடீர்னு கீச்சுன்னு ஒரு ரீங்காரம் கேக்கும். ஆஸ்திரேலியாவுல இதோட சொந்தக்கார தேனீ ஒன்ன ஸ்லோ மோஷன்ல படம் பிடிச்சப்ப வினாடிக்கு சுமார் 350 தடவை தலையால மகரந்தக்குழாயை முட்டுறது தெரிஞ்சுது! வயித்துல பளபளன்னு நீலப்பட்டை, ஒரு இடத்துல நிக்காத ஓட்டம், ஒருதடவை பாத்துட்டா மறக்காது. இது கூடு போடுறது மண்ணுல வளை தோண்டி. அதே மாதிரி நீலம், ஆனா பட்டைக்கு பதிலா புள்ளி புள்ளியா இருந்தா அது வேற தேனீ, குயில் காக்கா கூட்டுல முட்டை வைக்கிற மாதிரி இது நீலப்பட்டையோட வளைக்குள்ள திருட்டுத்தனமா முட்டை வச்சிடும்.

பெருசா கருப்பா, றெக்கை நீலமும் ஊதாவுமா மின்ன, டொர்ருன்னு வருதே, நாம கருவண்டுன்னு சொல்றது, அது வண்டே இல்ல, தச்சன் தேனீ. காஞ்ச மூங்கில்லயும் உத்தரத்துலயும் வட்டமா துளை போடும், கீழ மரத்தூள் கிடக்கும். முருங்கைப்பூ, அகத்திப்பூவுக்கெல்லாம் இதுதான் பெரிய ஆள். ஆணுக்கு கொடுக்கே கிடையாது, பொண்ணும் கைல பிடிச்சாத்தான் கொட்டும், அதனால துரத்தி அடிக்காதீங்க ப்ளீஸ். இதுல ஒரு வகை ராத்திரிலயும் பறக்கும், அதோட அறிவியல் பேர்லயே நம்ம தரங்கம்பாடி இருக்கு, சைலோகோபா டிராங்குபாரிக்கா.

ரோஜா இலை ஓரத்துல காம்பஸ் வச்சு வெட்டின மாதிரி வட்டம் வட்டமா காணாம போயிருந்தா உடனே புழுன்னு மருந்து அடிச்சிடுறாங்க, எனக்கு மனசே கேக்காது. புழு தின்னா ஓரம் கிழிஞ்சு தாறுமாறா இருக்கும், இவ்வளவு சுத்தமா வெட்டுறது இலைவெட்டித் தேனீ. அது இலைய திங்கிறதில்ல, சுருட்டி ஏதாவது ஓட்டைக்குள்ள சின்ன சின்ன அறை கட்டி, மகரந்தமும் தேனும் கலந்து உள்ள வச்சு, ஒரு முட்டை போட்டு, வட்ட இலையால மூடிடும். அடையாளம் ரொம்ப சுலபம், காலை பாக்காதீங்க, அடிவயித்த பாருங்க, மகரந்தம் அங்க மஞ்சளா அப்பி இருக்கும்.

மஞ்சள் கருப்பு கோடு போட்டுட்டு ஒரே இடத்துல அந்தரத்துல நின்னு, பெரிய கண்ணும் ரொம்ப குட்டி மீசையுமா, றெக்கை ரெண்டே ரெண்டு இருந்தா அது ஈ. தேனீக்கு நாலு.

சாயங்காலம் இன்னொரு ரவுண்டு போங்க. ஆண் நீலப்பட்டைத் தேனீங்களுக்கு வளை கிடையாது, காஞ்ச குச்சி எதையாவது வாயால கடிச்சு பிடிச்சிட்டு வரிசையா தொங்கிட்டே தூங்கும், பல நாள் அதே குச்சிக்கே திரும்பி வரும். செடிய கவாத்து பண்ணும்போது அந்த ஒரு குச்சிய மட்டும் வெட்டாம விட்ருங்க.