மூச்சுக்கும் இடம் விட்டு எழுதுங்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலய மண்டபத்தில் 8 ட்ரொம்போன்களுக்கு (குழாயை நீட்டிச் சுருக்கி ஊதும் பித்தளை வாத்தியம்) ஒத்திகை. ஹம்பர்டிங்கின் ‘ஹான்செலும் கிரேட்டலும்’ ஓபராவில் (பாடி நடிக்கும் இசை நாடகம், 1893), காட்டில் உறங்கப் போகும் முன் அண்ணனும் தங்கையும் பாடும் மாலை ஜெபத்தை, ட்ரொம்போன்களுக்காக நான் மாற்றி எழுதியபடி எடுத்திருந்தோம். இரண்டாவது பார்ட் (ஒரு வாத்தியத்துக்கான தனி வரி) வாசித்த பிள்ளை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “சேர், இதில மூச்சு எங்க எடுக்கிறது?”

தாளை வாங்கிப் பார்த்தேன். 22 பாருக்கு (தாளக் கட்டங்களுக்கு) ஓர் ஓய்வுக்குறிகூட இல்லை. வயலின் வரியை அப்படியே இறக்கி எழுதியிருந்தேன்.

வயலின்காரருக்கு வில்லைத் திருப்பினால் போதும். ட்ரொம்போனில் கீழ் சுரங்களை உரத்து வாசித்தால் சில விநாடிகளிலேயே காற்று தீர்ந்துவிடும். உதட்டுக்கும் ஓய்வு வேண்டும். ஓபராவில் ட்ரொம்போன்காரர் பெரும்பாலும் காத்திருப்பவர் என்பதையும் மறக்கக் கூடாது. மோட்சார்ட்டின் ‘டான் ஜியோவானி’யில் (1787) கல்லறைச் சிலை பேசும் வரை அவருக்கு வேலையே இல்லை. நம் குழுவிலோ பாடகர், வயலின், கொம்பு எல்லாம் அவரே. அதனால் இப்போது ஒரே மெட்டை இரண்டு பேருக்குப் பங்கிட்டு எழுதுகிறேன். ஒருவர் முடிக்கும் சுரத்திலேயே அடுத்தவர் தொடங்குவார். கேட்பவருக்கு வரி அறுவதில்லை.

அடுத்தது ஸ்லைட், அதாவது நீட்டிச் சுருக்கும் குழாய். அதை நிறுத்தும் இடங்கள் 7 பொசிஷன்கள்; 1 மிக அருகில், 7 மிகத் தொலைவில். ஜெபத்தின் மூல சுருதி டி மேஜர். அதில் கீழ் ‘ஏ’ 2ஆம் பொசிஷன், அடுத்த ‘பி’ 7ஆம் பொசிஷன். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள்தான், ஆனால் கை முழுவதும் நீள வேண்டும். மெதுவான லெகாட்டோவில் (சுரங்களை அறுபடாமல் இணைத்து வாசிப்பதில்) நடுவே ஓர் இழுவை கேட்டுவிடும். எஃப் ட்ரிகர் (கட்டைவிரலால் அழுத்திக் கூடுதல் குழாயைச் சேர்க்கும் விசை) இருந்தால் அந்த ‘பி’யை 2ஆம் பொசிஷனை ஒட்டியே எடுக்கலாம். என்னிடம் வருகிற பிள்ளைகள் பலரின் வாத்தியத்தில் ட்ரிகர் இல்லை. சரி, பி ஃப்ளாட் மேஜருக்கு இறக்கினேன். அதே இடம் ‘எஃப்’, ‘ஜி’ ஆகி, 6இலிருந்து 4க்கு நகர்ந்தால் போதும் என்றானது.

இறக்கியதும் வேறொரு சிக்கல். வயோலாக்கள் நெருக்கமாக வாசிக்கும் மூன்றாம் சுர இடைவெளிகள் அந்தத் தாழ்வில் குழம்பி, சேறு மாதிரி ஒலித்தன. கீழே மூல சுரத்தையும் அதிலிருந்து ஐந்தாவதையும் மட்டும் வைத்து, மூன்றாவதை மேலே ஏற்றிவிட்டேன். உடனே தெளிந்தது. புதிதாக எழுதுபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான் என்பது என் கணிப்பு. கணினியில் கேட்கும்போது நன்றாக இருக்கும், மண்டபத்தில் இருக்காது.

உரிமை விஷயமும் உண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை பொதுவாக ஆக்கியவரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டுகளும். ஹம்பர்டிங்க் இறந்தது 1921இல், ஆகவே மூலத்தைத் தொடலாம். ஆனால் அண்மையில் வேறொருவர் செய்து அச்சிட்ட அரேஞ்ச்மென்டை (மாற்றி எழுதிய இசையை) போட்டோகொப்பி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வேறு கதை. அதற்கு அனுமதி வேண்டும்.

இப்போதெல்லாம் அச்சுக்குக் கொடுக்கும் முன் 8 பார்ட்டையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் பாடுகிறேன். எனக்கு மூச்சு முட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு காற்புள்ளி. அந்த ஜெபத்தின் இரண்டாவது பார்ட்டில் மட்டும் இப்போது 9 இருக்கின்றன.